விடைத்தாளில் இல்லாத விடை

உதவிப்பணத்துக்கும் தரம் 6 பாடசாலை அனுமதிக்கும் வழிவிடும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் வீடு எப்படியிருக்கும் என்பதை யாழ்ப்பாணத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. தரம் 3 முடிவதற்கு முன்னரே எந்த ஆசிரியரிடம் விடுவது என்ற பேச்சுத் தொடங்கிவிடும். தரம் 4 இல் மாலை வகுப்பு, தரம் 5 இல் அதனோடு சனி, ஞாயிறு காலை வகுப்பு, வீட்டுக்கு வந்தால் மாதிரி வினாத்தாள் என்று பிள்ளையின் நாள் நிரம்பிவிடும். என் மகள் இவ்வாண்டு இப்பரீட்சைக்குத் தோற்றவிருக்கிறாள். அவளுக்கருகில் இருந்து வினாத்தாள்களைத் திருத்தி வருபவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எத்தனை வினாத்தாள் செய்தாயிற்று என்று கேட்காத பெற்றோர் இல்லை. ஆனால், பிழைத்த ஒரு வினாவைப் பிள்ளையோடு எவ்வாறு பேசுவது என்பதை நாம் அநேகமாக யோசிப்பதே இல்லை.

பரீட்சை இரண்டு வினாத்தாள்களைக் கொண்டது. மொத்தம் 200 புள்ளிகள். முதலாம் வினாத்தாள் நுண்ணறிவு சார்ந்தது: ஒரு மணித்தியாலத்தில் 40 பல்தேர்வு வினாக்கள், அதாவது ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். இரண்டாம் வினாத்தாளுக்கு ஒரு மணித்தியாலமும் 15 நிமிடமும் உண்டு. அதில் தமிழ், கணிதம், சுற்றாடல் ஆகியவற்றோடு ஆங்கிலமும் சிங்களமும் ஓரளவு வரும். அண்மைய ஆண்டுகளில் இரண்டாம் வினாத்தாளையே முதலில் கொடுத்து, அரை மணித்தியால இடைவேளைக்குப் பின்னர் முதலாவதைக் கொடுக்கிறார்கள். களைத்த நிலையில் நுண்ணறிவு வினாக்களைச் செய்ய வேண்டியிருப்பதால், வீட்டுப் பயிற்சியையும் அதே ஒழுங்கில் வைப்பது நல்லது. பிழையான விடைக்குப் புள்ளி குறைக்கப்படுவதில்லை என்பதையும் பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லிவைக்க வேண்டும். தெரியாததை வெறுமையாக விட்டுவிட்டு வரும் பிள்ளைகள் இன்னமும் இருக்கிறார்கள்.

இனி, நான் சொல்ல வந்த விடயம். ஒரு மாதிரி வினாத்தாளில், பொருந்தாததைத் தெரிவு செய்யுமாறு நான்கு பெயர்கள் தரப்பட்டிருந்தன: தென்னை, வாழை, முருங்கை, பனை. மகள் பனையின் கீழ்க் கோடிட்டிருந்தாள். விடைத்தாளில் முருங்கை என்று இருந்தது. மற்ற மூன்றும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்பதே அதற்கான காரணம். ஏன் பனை என்று கேட்டேன். "பனைக்கு ஒருத்தரும் தண்ணி ஊத்திறேல்லை அப்பா, மற்ற மூண்டுக்கும் அம்மா ஊத்துறவ" என்றாள். எங்கள் வளவில் அதுதான் உண்மை. அவள் கண்ட விதியில் ஒரு குறையும் இல்லை. மூன்று ஒரு பக்கமும் ஒன்று மறுபக்கமுமாகச் சரியாகவே பிரிந்திருந்தன.

இவ்விடத்தில் "பிழை, விடை முருங்கை" என்று சிவப்புப் பேனாவால் ஒரு கீறல் போட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போவதுதான் பெரும்பாலான வீடுகளிலும் வகுப்புகளிலும் நடக்கிறது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இருக்கும் ரியூட்டரியில் ஆசிரியரால் வேறெதுவும் செய்யவும் முடியாது. ஆனால் இதையே மாதக்கணக்காகக் கேட்டு வரும் பிள்ளை, தன் கண்ணால் கண்டதும் தன் மூளையால் யோசித்ததும் பரீட்சைக்கு உதவாதவை என்ற முடிவுக்கு வந்துவிடும்; அதன் பின்னர் யோசிப்பதை விட்டுவிட்டு, இதே வினாவை எங்கேயாவது செய்திருக்கிறோமா என்று ஞாபகத்தில் தேடத் தொடங்கும். நுண்ணறிவு வினாத்தாளுக்கு அதைவிடக் கேடான பழக்கம் இல்லை. ஆகவே இத்தகைய வினா வரும்போது நான் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். உன் விதி என்ன? வினாவை எழுதியவர் எந்த விதியை நினைத்திருப்பார்? இரண்டாவது கேள்வி அவளுக்குப் பிடித்துப்போயிற்று. வினா எழுதியவர் யாழ்ப்பாணத்தில் இருக்கமாட்டார், எங்கள் கிணற்றையும் கண்டிருக்கமாட்டார், புத்தகத்தில் உள்ளதைத்தான் நினைத்திருப்பார் என்று அவளே நியாயம் சொல்லிக்கொண்டு முருங்கைக்கு வந்து சேர்ந்தாள்.

கணிதத்தில் நிலைமை சற்று வேறு. அங்கு பிழை பெரும்பாலும் உண்மையான பிழைதான். 20 மீற்றர் நீளமான வேலிக்கு 2 மீற்றருக்கு ஒன்றாக, இரு முனைகளிலும் வரும்படி கதியால் (வேலிக்கு நடும் தடி) நட்டால் எத்தனை கதியால் வேண்டும் என்ற வகை வினாவுக்குப் பத்து என்று எழுதாத பிள்ளை குறைவு; சரியான விடை பதினொன்று. சூத்திரத்தைச் சொல்லிக் கொடுத்தால் அன்றைக்குச் சரிவரும். அடுத்த கிழமை வட்டமான பூப்பாத்தியைச் சுற்றி நடச் சொல்லும் வினாவுக்கும் பிள்ளை தேவையில்லாமல் ஒன்றைக் கூட்டி எழுதிவிடும். வேலியடிக்குக் கூட்டிச் சென்று, இடைவெளியையும் கதியாலையும் தனித்தனியே எண்ணச் செய்த பிறகே என் மகளுக்கு இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விளங்கியது. அன்று மாலை முழுவதும் ஒரேயொரு கணக்குத்தான் நடந்தது. அதை வீண்போன மாலை என்று நான் நினைக்கவில்லை.

இப்பரீட்சையின் வேரையும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த 1940-களில், இலவசக் கல்வியோடும் மத்திய கல்லூரிகளோடும் சேர்ந்து உருவான ஏற்பாடு இது. கிராமத்து ஏழைப் பிள்ளையை நல்ல பாடசாலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே அதன் நோக்கம். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கான உதவிப்பணம் இன்றும் உண்டு. ஆனால் நம்மூரில் பேச்சு முழுவதும் வேம்படி, யாழ் இந்து, ஹாட்லி போன்ற பாடசாலைகளின் தரம் 6 அனுமதியைப் பற்றியே. உதவிப்பணத்துக்கான வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டமும் மொழிமூலத்துக்கு ஏற்பவும் வேறுபடும். பாடசாலை அனுமதிக்கு ஒவ்வொரு பாடசாலைக்கும் தனித்தனியே வெட்டுப்புள்ளி உண்டு. எனவே, மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைக்கும் விரும்பிய பாடசாலை கிடைக்காமற் போகலாம். உங்கள் பிள்ளை இப்போது படிக்கும் பாடசாலையில் தரம் 13 வரை இருக்குமானால், இடம் மாறுவது உண்மையில் தேவைதானா என்பதைப் பெறுபேறு வந்த பிறகன்றி இப்போதே வீட்டில் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் வசிக்கும் என் மச்சாளின் மகனும் கிரமர் பாடசாலை நுழைவுப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறான். அங்கு அதனை லெவன் பிளஸ் என்கிறார்கள். ஆறாம் ஆண்டின் தொடக்கத்தில், செப்டெம்பர் மாதத்தை ஒட்டி நடக்கிறது. ஆங்கிலம், கணிதம், சொல் சார்ந்த நியாயித்தல், உருவம் சார்ந்த நியாயித்தல் என்பவற்றில் பாடசாலைக்கு ஏற்பச் சிலவற்றையோ எல்லாவற்றையுமோ சோதிக்கிறார்கள். அவர்களது ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது ஒன்று: பெரும்பாலான இடங்களில் பிள்ளையின் வயதைக் கணக்கிலெடுத்துப் புள்ளியைச் சீர்செய்கிறார்கள். அதனால் ஒரே வகுப்பில் இருந்தாலும் ஏறத்தாழ ஒரு வயது இளைய பிள்ளை அந்தக் காரணத்துக்காகப் பின்தள்ளப்படுவதில்லை. இங்கு பெற்ற புள்ளி பெற்ற புள்ளிதான். உங்கள் பிள்ளை வகுப்பில் இளையதாக இருந்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளியோடு ஒப்பிடும் முன்னர் இரண்டு பிறந்த திகதிகளையும் ஒருமுறை பாருங்கள். மற்றபடி மச்சாள் வீட்டுக் கதையும் நம் கதைதான். வகுப்புக் கட்டணம் மட்டும் பவுணில்.

2024 ஆம் ஆண்டுப் பரீட்சையின் முதலாம் வினாத்தாளில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியானதும், வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றதும், இறுதியில் அம்மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப் புள்ளி வழங்கப்பட்டதும் நினைவிருக்கும். பத்து வயதுப் பிள்ளைகளின் பரீட்சைக்கு இவ்வளவும் நடக்கிறதென்றால், இப்பரீட்சை மீதான ஆசையை வளர்த்து விட்டவர்கள் பெரியவர்களாகிய நாம்தான். பெறுபேறு வந்த மறுநாள் சந்திகளில் தொங்கும் பதாகைகளைப் பற்றி எழுதினால் கோபம்தான் வரும், விடுகிறேன்.

பரீட்சைக்கு முந்திய சில நாட்களில் மேலதிக வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் நடத்தப் பரீட்சைத் திணைக்களம் ஆண்டுதோறும் தடை விதிக்கிறது. தடையை மீறி வீட்டுக்குள் வகுப்பு வைக்கும் பெற்றோரும் உண்டு. நாங்கள் அந்நாட்களில் புதிய வினாத்தாள் எதையும் திறப்பதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். இரவு ஒன்பது மணிக்குப் படுக்கை. பகலில், அவள் தானே பிழைகளை எழுதி வைத்திருக்கும் கொப்பியைப் புரட்டிப் பார்க்கலாம், விரும்பினால் மட்டும். மீதி நேரத்தில் பரீட்சைச் சுட்டெண்ணைத் தெளிவாக எழுதிப் பழகுவதும், அதனைச் சட்டையின் இடப்பக்கத்தில் குத்திக்கொள்ள ஊசி எடுத்து வைப்பதுமே வேலை.