ஹெட்செட் அனுப்பட்டுமா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் போனில் என்னிடம் கேட்பது இப்போதெல்லாம் ஒரே கேள்விதான். "மேடம், அப்பாவுக்கு வி.ஆர். ஹெட்செட் ஒன்று அனுப்பட்டுமா? அதில் விளையாடினால் கை சீக்கிரம் சரியாகிவிடுமாமே?" கண்ணை மறைத்து மாட்டிக்கொண்டால் நம்மைச் சுற்றி விளையாட்டு உலகம் ஒன்றையே காட்டும் கருவி அது. நான் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்களின் கைகளோடு மல்லுக்கட்டுவதுதான் பிழைப்பு. வீடியோ கேமுக்கு எதிரி இல்லை. ரிமோட்டைக் கையில் பிடித்து வீசி டிவி திரையில் விளையாடும் பழைய நின்டெண்டோ வீ ஒன்று என் அறையிலேயே இருக்கிறது. ஆனாலும் அந்தக் கேள்விக்கு உடனே 'சரி' என்று சொல்ல வாய் வருவதில்லை.

செயலிழந்த கைக்கு மருந்து என்பது எண்ணிக்கை. ஒரே அசைவை மூளை திரும்பத் திரும்பச் செய்து பழக வேண்டும். விலங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் ஒரு நாளைக்குச் சில நூறு முறை பழக்கியிருக்கிறார்கள். மனிதர்களுக்கு என்ன நடக்கிறது என்று கேத்தரின் லாங் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு சிகிச்சைக் கூடங்களில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து 2009இல் வெளியிட்டது. கையால் ஒரு வேலையைச் செய்து பழகும் பயிற்சி, ஒரு அமர்வுக்குச் சராசரியாக 32 முறை. அவ்வளவுதான். டம்ளரை எடுத்து வை, எடுத்து வை என்றால் யாருக்கும் அலுத்துப்போகும். அந்த அலுப்பை மறக்கடிப்பதுதான் கேமின் வேலை.

மாவு மில் நடத்திய பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். வலக்கை வரவில்லை. "சின்னப்பிள்ளை விளையாட்டா?" என்று முகம் சுளித்தவரைப் பேரன்தான் வழிக்குக் கொண்டுவந்தான். பந்து உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங். ரிமோட்டின் அடிப்பக்கப் பொத்தானை அழுத்தியபடி கையை வீச வேண்டும். வீசும்போது விரலை எடுத்தால்தான் பந்து போகும். பக்கவாதக் கை மூடிக்கொள்ளும், எளிதில் திறக்காது. கை முன்னால் போனது, பந்து போகவில்லை. "விடுங்க ஐயா, விடுங்க" என்று நானும் பேரனும் கத்துகிறோம். "பிடிக்கச் சொன்னால் பிடிக்கலாம். விடச் சொன்னால் எப்படித் தாயி விடுவது?" என்றார் எரிச்சலாக. மணிக்கட்டைச் சற்றுக் கீழே மடக்கச் சொன்னேன். அப்படி மடக்கினால் விரல் இறுக்கம் கொஞ்சம் தளரும். விரல் விலகியது. பந்து ஓரத்துப் பள்ளத்தில் போய் விழுந்தது, ஒரு கட்டைகூடச் சாயவில்லை. எனக்கோ அது நூற்றுக்கு நூறு.

டென்னிஸில் வேறு வில்லங்கம். ரிமோட்டுக்குள் இருக்கும் உணரிக்கு அசைவு தெரியும். அந்த அசைவு தோளிலிருந்து வந்ததா, உடம்பை முன்னே சாய்த்ததால் வந்ததா என்று தெரியாது. ஐயா கையை நீட்டாமல் முதுகையே வீசி வீசிப் புள்ளி எடுத்தார். திரையில் கைதட்டல். அந்தக் கள்ளத்தனம் பழகிவிட்டால் அப்புறம் மாற்றுவது பெரும்பாடு. ஒரு துண்டை மார்போடு சேர்த்து நாற்காலியில் கட்டினேன். "தாத்தாவைக் கட்டிப்போட்டாச்சு" என்று பேரனுக்கு ஒரே சிரிப்பு. ஹெட்செட் மட்டும் கூரியரில் வந்து இறங்கினால் இந்தத் துண்டை யார் கட்டுவது?

இதே வீயை வைத்துக் கனடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து ஆகிய நாடுகளில் 141 நோயாளிகளிடம் செய்த ஆய்வின் முடிவு 2016இல் வந்தது. வழக்கமான சிகிச்சையோடு ஒரு பாதிப் பேருக்கு வீ. மறுபாதிக்குச் சீட்டு, பிங்கோ போன்ற சாதாரண விளையாட்டுகள். இரண்டு தரப்புக்கும் கை தேறியது. வீ விளையாடியவர்களுக்குக் கூடுதலாக ஒன்றும் இல்லை. மெஷின் விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வு, 2017இல் வந்தது, அதுவும் ஏறத்தாழ அதே பக்கம்தான்: வழக்கமான பயிற்சிக்குப் பதிலாக கேம் என்றால் பெரிய வித்தியாசம் இல்லை, அதற்கு மேல் கூடுதல் நேரமாகச் சேர்த்தால் பலன் உண்டு.

எல்லா மெஷினையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் சி.எம்.சி.யும் சேர்ந்து உருவாக்கிய 'புளூட்டோ' கைக்கென்றே செய்த சிறிய ரோபோ. பிடியை மாற்றி மாட்டினால் மணிக்கட்டுக்கு ஒன்று, விரல்களை விரிக்க ஒன்று. கை அசைந்தால் திரையில் விளையாட்டு நகரும். கைக்குத் தெம்பு போதாவிட்டால் மோட்டார் துணைக்கு வரும். ரிமோட்டைப் பிடிக்கவே முடியாத கைக்கு இது வேறு உலகம்.

அது கிடைக்காத வீட்டில் சீட்டு போடுங்கள், தாயம் உருட்டுங்கள். பல்லாங்குழியில் புளியங்கொட்டையைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எடுக்கட்டும். நல்ல கை குறுக்கே வந்தால் அதை மடியில் வைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போட்டு விளையாட ஓர் ஆள் வேண்டும். பேரன் கெட்டிக்காரன், ஆனால் வேண்டுமென்றே தோற்பான்; ஐயாவுக்கு அது பிடிக்கவே இல்லை.

ஏற்கெனவே ஹெட்செட் வாங்கிவிட்டவர்களுக்கு: வலிப்பு வந்த வரலாறு இருந்தால் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் மாட்ட வேண்டாம். மாட்டிக்கொண்டு நிற்கவும் விட வேண்டாம், கைப்பிடி உள்ள நாற்காலியே சரி. தோள் மூட்டு இறங்கியிருக்கிறதா என்று யாராவது தொட்டுப் பார்க்கும்வரை, கையைத் தோள் மட்டத்துக்கு மேல் தூக்கும் விளையாட்டு எதையும் போடாதீர்கள்.