கடலைக் கொல்லையில் அந்துப்பூச்சிக் கணக்கு

பெண் அந்துப்பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் புழு ஒழிந்துவிடும் என்று நம்பி வாங்குகிறவர்கள், ஒரு பட்டம் முடிவதற்குள் அதைக் கழற்றி மாட்டுக் கொட்டகையில் போட்டுவிடுகிறார்கள். சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் கல்லல் பக்கம் அப்படி மூலையில் கிடக்கும் மஞ்சள் புனல்களைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். புழுவைக் கொல்வது பொறியின் வேலை அன்று. அந்தப் புழுவின் முட்டையை இடும் அந்துப்பூச்சி நேற்றிரவு எவ்வளவு பறந்தது என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. அதைக் கேட்டு இலையைப் புரட்டிப் பார்க்க வேண்டியது நாம்தான். சென்ற மார்கழிப் பட்டத்தில் எங்கள் ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசனக் கடலையில் இப்படிக் கணக்கு எழுதிப் பார்த்தேன். கடலை போடப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் பூமி செம்மண். ஓர் ஆள் ஆழம் தோண்டினால் பல இடங்களில் செம்பூரான் கல் வந்துவிடும். கண்மாயை நம்பி ஒரு போகம் நெல், கிணறு இருந்தால் மார்கழியில் கடலை. கடலைக்கு வரும் தொல்லைகளில் மோசமானது புரோடினியா என்று நாங்கள் சொல்லும் புகையிலை வெட்டுப்புழு. வளர்ந்த புழு பகலில் மண் வெடிப்பில் ஒளிந்துகொண்டு இரவில் மேயும். காலையில் போனால் இலையும் இருக்காது, புழுவும் கண்ணில் படாது. அந்தப் பயத்தில்தான் மாமா எப்போதும் நாள் குறித்து மருந்தடிப்பார்: விதைத்த முப்பதாம் நாள் ஒன்று, ஐம்பதாம் நாள் ஒன்று. புழு இருந்தாலும் அடி, இல்லாவிட்டாலும் அடி. வீட்டு வரவுசெலவு என் கையில் என்பதால் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

பொறியை விட அதற்குள் வைக்கும், வாசனை ஏற்றிய ரப்பர் துண்டான கவர்ச்சிக் குப்பிதான் முக்கியம். காரைக்குடியில் ஒரு மருந்துக்கடையில் “கடலைக்குத்தானே, இதுதான்” என்று எடுத்துக் கொடுத்தார்கள். உறையை வாசித்தால் ‘ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா’ என்று இருந்தது. அது பச்சைக்காய்ப்புழுவின் அந்துக்கு உரியது. புரோடினியாவுக்கு ‘ஸ்போடாப்டெரா லிட்டுரா’ என்று போட்டிருக்க வேண்டும். ஒவ்வோர் இனத்தின் பெண் பூச்சியும் தனக்கென்று ஒரு வாசனையை விடுகிறது, அந்த இனத்து ஆண் மட்டுமே அதற்கு வரும். மாற்றிக் கேட்டபோது கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்று வாதாடினார். நான் நகரவில்லை. உறையில் பூச்சியின் பெயரையும் காலாவதித் தேதியையும் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பட்டாணி அளவு ரப்பர் துண்டுக்கு இத்தனை ரூபாயா என்றார் அத்தை. நான் படித்ததைச் சொன்னேன். ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டெனான்ட் என்ற வேதியியலாளர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்து, ஐந்து லட்சம் பட்டு அந்துகளிலிருந்து சில மில்லிகிராம் அளவே இப்படியொரு வாசனைப் பொருளைப் பிரித்தெடுத்து, 1959இல் அதன் அமைப்பை வெளியிட்டார். உலகில் முதலில் கண்டறியப்பட்ட பூச்சி இனக்கவர்ச்சிப் பொருள் அதுதான். ஐந்து லட்சம் பூச்சியைக் கொன்றது பாவம் இல்லையா என்று கேட்டுவிட்டு அத்தை எழுந்து போனார். மிச்சக் குப்பிகளைப் பிரிக்காமல் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தபோது மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று இன்னொரு வழக்கு வந்தது. அதில் அவர் சொன்னதே நடந்தது.

கண்காணிக்க மட்டும் என்றால் எக்டருக்கு ஐந்து பொறி, அதாவது ஏக்கருக்கு இரண்டு போதும் என்று குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் சொன்னார்கள். நான் மூன்று வைத்தேன். கருவேலங்கம்பை நட்டு, செடியின் நுனிக்கு ஓரடி மேலே பொறி இருக்கும்படி கட்ட வேண்டும். செடி உயர உயர அதையும் ஏற்றிக் கட்ட வேண்டும். கடலையோ குட்டைச் செடி, பொறி முழங்கால் உயரத்தில் தொங்குகிறது. கீழே ஆடும் பாலித்தீன் பையை ஆடுகள் விட்டுவைக்குமா? வரப்போரத்துப் பொறியின் பையை இரண்டு முறை தின்றுவிட்டன. அதை உள்ளே தள்ளி நட்டபிறகுதான் நிம்மதி. குப்பியை வெறும் கையால் தொடக் கூடாது. கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு மூடியின் அடியில் செருகினேன். பழைய குப்பியையும் உறையையும் கொல்லையில் வீசிவிட்டு வந்தால் அதுவும் கொஞ்ச நாள் மணத்துக்கொண்டிருக்கும், பூச்சி எங்கே போவது என்று குழம்பும்.

தினமும் காலையில் வெயில் ஏறும் முன் பையை அவிழ்த்துக் கொட்டி எண்ணுவேன். முன்னிறக்கை பழுப்பில் வெள்ளைக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடியிருக்கும், பின்னிறக்கை வெள்ளை. வழிதவறி விழுந்த வேறு பூச்சிகளைச் சேர்க்கக் கூடாது. சில நாள் எறும்பு முந்திக்கொண்டு உடலை இழுத்துப்போயிருக்கும். இறக்கையை எண்ணி நான்கால் வகுக்க வேண்டியதுதான். கம்பின் அடியில் கிரீஸ் தடவிய பிறகு அது குறைந்தது. தை மூன்றாம் தேதி சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு வீடே கிளம்பிப் போய்விட்டது. மறுநாள் எண்ணியதை இரண்டால் வகுத்து எழுதினேன். அப்போது பொறிக்கு ஒன்றோ இரண்டோதான். மாமா எட்டிப் பார்த்துவிட்டு, இதற்கா தினமும் நடக்கிறாய் என்றார்.

நோட்டில் எண்ணிக்கையோடு இரண்டு விஷயம் எழுதாவிட்டால் கணக்கு ஏமாற்றும். ஒன்று, மழை. மழை பெய்த இரவில் பூச்சி அதிகம் பறக்காது, பை காலியாக இருப்பதைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. மற்றது, குப்பி மாற்றிய தேதி. மூன்று வாரத்தில் வாசனை மங்கிவிடும், எண்ணிக்கை தானாக இறங்கும். புதிது வைத்ததும் ஏறும். பூச்சி குறைந்ததா, குப்பி தீர்ந்ததா என்று எப்படித் தெரிவது? மூன்றையும் ஒரே நாளில் மாற்றாமல் வாரத்துக்கு ஒன்றாக மாற்றினேன். புதிய குப்பியிலும் குறைந்தால்தான் அது உண்மையான குறைவு. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இந்த முழு வேலையில் நான் பெருமைப்பட்டுக்கொள்வது இது ஒன்றைத்தான்.

தை கடைசியில் எண்ணிக்கை தாவியது. நாலைந்து என்று இருந்தது தொடர்ந்து சில இரவுகள் பொறிக்கு இருபதைத் தாண்டியது. இப்போது மருந்தடிக்கலாமே என்றார் மாமா. விழுந்தது எல்லாம் ஆண் பூச்சி. இலையில் முட்டை இருக்கிறதா என்பதைப் பொறி சொல்லாது. முட்டை பொரிக்க மூன்று முதல் ஐந்து நாள் ஆகும், அதுவரை நமக்குக் கெடு இருக்கிறது. வரப்பில் ஆமணக்கு ஊன்றியிருந்தேன். புரோடினியாவுக்கு ஆமணக்கு இலை மீது தனி ஆசை, அதன் அகன்ற இலையில் தேடுவதும் எளிது. முதல் முட்டைக் குவியல்கள் அங்கேதான் கிடைத்தன, பழுப்பு ரோமம் போர்த்தியபடி. ஒரு குவியலில் சில நூறு முட்டைகள்.

நல்லவேளையாக ஜிப்சம் போட்டு மண் அணைக்கும் வேலை அந்த வாரமே வந்தது. நாற்பத்தைந்து நாளுக்கு மேல், காயாகப் போகும் விழுது இறங்கும் மண்ணைக் கலைக்கக் கூடாது என்பதால் அந்த நேரத்தில் ஆள் விட்டே ஆக வேண்டும். வேலைக்கு வந்த பெண்களிடம் ஒரு குவியலைக் காட்டி, இதைப் பார்த்தால் இலையோடு கிள்ளிச் சட்டியில் போடுங்கள் என்றேன். என் கண்ணுக்குப் படாதவை அவர்களுக்குப் பட்டன. பொரித்து வந்த இளம்புழுக்கள் கூட்டமாக இருந்து இலையைச் சுரண்டிச் சல்லடை ஆக்கியிருந்த இடங்களையும் ஓர் அம்மா தூரத்திலிருந்தே காட்டினார். அந்த நிலையில் ஓர் இலையைக் கிள்ளினால் ஒரு குடும்பமே போயிற்று. கலைந்து பரவிய பிறகு ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டும்.

நூறு மீட்டர் வரிசையில் எட்டு முட்டைக் குவியல் என்பதுதான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டிய அளவு. கயிறு பிடித்து அளந்து பார்த்தோம். மேற்குப் பாத்திகளில் அதை ஒட்டி வந்தது, மற்ற இடத்தில் பாதிகூட இல்லை. மேற்குப் பக்கம் மட்டும் வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தோம். ஏக்கருக்குப் பத்துக் கிலோ பருப்பு என்ற கணக்கில் இடித்து, இரவு ஊறவைத்து, வடிகட்டி, 200 லிட்டராக்கி, சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும். இடிப்பதும் வடிகட்டுவதும் கை ஒடியும் வேலை, மறைக்க மாட்டேன். சரியாக வடிகட்டாவிட்டால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும். ஆனால் கொட்டைக்குச் செலவில்லை, முந்தைய ஆடியில் அத்தை பொறுக்கிக் காயவைத்தது.

பங்குனி பிறந்ததும் எண்ணிக்கை மறுபடி ஏறியது. முட்டையிலிருந்து பூச்சி ஆக ஏறக்குறைய ஒரு மாதம், ஆகவே முதல் தலைமுறையில் தப்பித்தவற்றின் பிள்ளைகள் இவை என்று நோட்டைப் பார்த்தே சொல்ல முடிந்தது. செடிக்கு வயதாகி, காய் முற்றத் தொடங்கியிருந்ததால் ஆமணக்கை மட்டும் பார்த்துக் கிள்ளிப் போட்டதோடு விட்டோம். குன்றக்குடிக்குக் காவடி போய் வந்த பிறகு கடலை பறித்தோம். முப்பது, ஐம்பது என்று நாள் குறித்த மருந்து இரண்டும் அந்தப் பட்டத்தில் வாங்கப்படவே இல்லை.

அடுத்த கொல்லை அண்ணன் முதலில், உன் பொறி ஊர்ப் பூச்சியை எல்லாம் இங்கே இழுக்கிறது என்று சண்டைக்கு வந்தவர். ஆணைத்தானே இழுக்கிறது, முட்டையிடுவது அதுவா என்று கேட்டேன். யோசித்துக்கொண்டே போனார். மாசியில் அவரே வரப்பில் நின்று இன்றைக்கு எத்தனை என்று கேட்கத் தொடங்கினார். சொல்வேன். கேட்டுக்கொண்டு போய் ஐம்பதாம் நாள் மருந்தை அடித்துவிட்டுத்தான் வந்தார். இந்தப் பட்டத்துக்கு அவர் கொல்லையிலும் இரண்டு பொறி நட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். குப்பிக் காசு அவருடையது, எண்ணும் வேலை அவர் மகளுடையது.