சில்லறையை எண்ணும்போது வந்த பேச்சு

கோவில்பட்டியில் எங்கள் மருந்துக்கடையில் மாலை ஆறு மணிக்கு மேல் நிற்க இடமிருக்காது. பத்துப் பேர் சீட்டை நீட்டும்போது ஒருவர் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தால் மற்றவர்கள் கோபிப்பார்கள். 20 வருடமாக அப்படித்தான் நினைத்துக் கடை நடத்தினேன்.

போன கார்த்திகையில் ஓர் ஆச்சி மூன்றாவது தடவையாக இருமல் மருந்து கேட்டு வந்தார். முதல் இரண்டு தடவையும் "சளி இருமலா, வறட்டு இருமலா?" என்று மட்டும் கேட்டேன். வறட்டு இருமல் என்றார். பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்பிவிட்டேன்.

அன்று நல்ல மழை. கடையில் வேறு யாரும் இல்லை. மீதிச் சில்லறையை ஒவ்வொன்றாகச் சுருக்குப்பையில் போட்டபடி ஆச்சி பேசினார். இளவயதில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தாராம், அந்தத் தூசிதான் இப்போது வேலையைக் காட்டுகிறதோ என்று பயமாம். பேரன் தூக்கம் கெடக்கூடாது என்று ஒரு மாதமாக நடையில் பாய் போட்டுப் படுக்கிறாராம். பையின் வாயை இழுத்துக் கட்டும்போதுதான் சொன்னார்: "பிரஷருக்குப் புது மாத்திரை கொடுத்த பிறகு தலைசுற்றல் இல்லை ஐயா, இந்த இருமல் ஒன்றுதான்."

மாத்திரை அட்டையைக் காட்டச் சொன்னேன். எனலாப்ரில்.

இந்த வகை மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். பிராடிகைனின் என்ற பொருள் உடலில் சிதையாமல் தேங்கித் தொண்டையை அரிக்கவைக்கும். இருமல் மருந்து எத்தனை பாட்டில் குடித்தாலும் அது நிற்காது. மாத்திரை தொடங்கிச் சில மாதங்கள் கழித்துக்கூட வரும் என்பதால் இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. கல்லூரியில் படித்துத் தேர்வும் எழுதிய பாடம் இது. எனக்குத் தெரிந்த ஒன்றுக்கு அந்த ஆச்சி ஒரு மாதம் நடையில் படுத்திருக்கிறார். அதை நினைத்தால் இன்றும் மனது வலிக்கிறது.

நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள் என்று ஒரு சீட்டில் விவரத்தை எழுதிக் கொடுத்தேன். டாக்டர் லோசார்டான் என்ற வேறு வகை பிரஷர் மாத்திரைக்கு மாற்றினார். மூன்று வாரத்தில் இருமல் நின்றுவிட்டது.

நோயாளி வாய் திறந்த சராசரி 18 வினாடிகளில் மருத்துவர்கள் குறுக்கிடுகிறார்கள் என்று 1984-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. அதைப் படித்தபோது மருத்துவர்களைக் குறை சொன்னேன். ஆச்சிக்கு நான் அந்த 18 வினாடியும் கொடுக்கவில்லை.

இப்போது பணத்தை வாங்கிப் போட்டதும் அடுத்த சீட்டுக்குக் கை நீட்டுவதில்லை. "எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். பலர் ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். சிலர் படியிறங்கப் போனவர்கள் திரும்பி வந்து சொல்கிறார்கள். நான் காது கொடுத்துக் காத்திருப்பது அந்தத் திரும்பி வருகிறவர்களுக்காகத்தான். வரிசையில் முணுமுணுப்பு வரத்தான் செய்கிறது. வரட்டும்.

போன வாரம் ஆச்சி வந்தார். மருந்து எதுவும் வாங்கவில்லை. பேரன் இப்போது அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறானாம்.