அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று

இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் சேன்-பியேர் ஊரில் வாழும் நான், என் மரபணு அறிக்கையை முதன்முதலாக முழுதாகப் படித்தது இருபத்திரண்டு வயதில்தான். அதுவரை அது அம்மாவின் இரும்புப் பெட்டியில், புதுச்சேரி வீட்டுப் பத்திரங்களோடு மடிந்து கிடந்தது. ஏழாம் குரோமோசோமிலுள்ள சிஎஃப்டிஆர் மரபணுவின் இரு படிகளும் (பிரதிகளும்) பழுதானால்தான், எனக்குள்ள சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற, நுரையீரலிலும் கணையத்திலும் சளி கெட்டியாகித் தேங்கும் பிறவி நோய் வரும். அம்மா வழியாக எனக்கு வந்தது எஃப்508டெல் என்ற பழுது: 1480 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் 508ஆவது விடுபடுவதால், அது சரியாக மடியாமல், செல்லின் மேற்பரப்பை எட்டுவதற்குள் பெரும்பாலும் சிதைக்கப்பட்டுவிடுகிறது. அப்பா வழியாக வந்த ஒய்122எக்ஸ், இத்தீவின் நோயாளிகளிடம் அடிக்கடி காணப்படுவது. 122ஆம் இடத்திலேயே 'நிறுத்து' என்ற குறி விழுந்துவிடுவதால் முழுப் புரதம் உருவாவதே இல்லை. கோணலாக மடிந்ததை மருந்தால் நிமிர்த்தலாம், இல்லாததை எப்படி நிமிர்த்துவது? அப்படி நிமிர்த்தும் காஃப்ட்ரியோ மாத்திரை எனக்குப் பயன்படுவது அம்மா தந்த அந்த ஒரு படியால்தான். இரு படியிலும் ஒய்122எக்ஸ் உள்ளவர்களுக்கு அந்த வழி இல்லை. (சோற்றுக்கு முன் விழுங்கும் கணைய நொதி மாத்திரைகள் மட்டும் அப்படியே தொடர்கின்றன.)

"என்னாலதானே உனக்கு இது வந்துச்சு" என்று அம்மா பல வருடங்களாகச் சொல்லி வருகிறாள். அறிக்கையின் அந்த வரியில் விரல் வைத்து, "நீ குடுத்ததுக்குத்தாம்மா மருந்து இருக்கு" என்றேன். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து, அந்த வரியை இரண்டு முறை படித்தாள்.