25 என்ற எண்

இன்று நூலகத்தில் பிரிட்டன் இளவரசர் ஹாரியின் ‘ஸ்பேர்’ என்ற தன்வரலாற்றுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க நின்றபோது, பின்னால் இருந்தவர் அட்டையைப் பார்த்துச் சொன்னார்: “25 பேரைக் கொன்னதா பெருமையடிச்சவர்தானே?”

அவர் புத்தகத்தைப் படித்ததில்லை. தலைப்புச் செய்தியைப் படித்திருக்கிறார்.

2023 ஜனவரியில், வெளியீட்டு நாளுக்கு முன்பே ஸ்பெயினில் பிரதிகள் கடைக்கு வந்துவிட்டன. கிடைத்த துணுக்குகளை வைத்தே பல பத்திரிகைகள் ‘ஹாரி பெருமையடித்தார்’ என்று எழுதிவிட்டன.

புத்தகத்தில் அந்த இடம் வேறு மாதிரி இருக்கிறது. ஆப்கானிஸ்தான் போரில் அவர் பறந்த அப்பாச்சி என்ற தாக்குதல் ஹெலிகாப்டரில் எல்லாமே வீடியோவில் பதிவாகும், அதனால் எண்ணிக்கை தெரியும் என்கிறார். அந்த எண் தனக்கு நிறைவும் தரவில்லை, வெட்கமும் தரவில்லை என்கிறார். எதிரியை மனிதனாகப் பார்க்காமலிருக்க ராணுவம் தன்னைப் பழக்கியதையும், அந்தப் பற்றின்மை ஒரு சிக்கல் என்று தனக்கே தெரிந்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறார்.

எதிரிகளைச் சதுரங்கக் காய்கள் என்று எழுதியது எனக்கும் உறுத்தியது. அதைக் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் ஒரு சிப்பாயின் தடுமாற்றத்தை வெட்டியெடுத்துவிட்டு எண்ணை மட்டும் அச்சிட்டால் அது விமர்சனமா?

அந்த வாரமே அமெரிக்கத் தொலைக்காட்சியில், தன்னைப் பற்றிப் பத்திரிகைகள் சொன்னவற்றிலேயே ஆபத்தான பொய், அந்த எண்ணைச் சொல்லிப் பெருமையடித்தார் என்பதுதான் என்றார் ஹாரி. தன் குடும்பத்தின் பாதுகாப்பை நினைத்து அவர் அதைச் சொன்னார்.

பின்னால் நின்றவரிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். நின்றபடியே முழுசாகப் படித்தார். அப்புறம் புத்தகத்தைத் தன் பெயரில் எடுத்துக்கொண்டார்.