எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் முன் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள்

ஒருவழியாக என் பழைய வண்டி வாங்கியவர் பெயருக்கு மாறிவிட்டது. புது வண்டியும் வீட்டுக்கு வந்துவிட்டது. காரை மாற்றலாமா என்று யோசிக்கிறவர்கள் மாடல், மைலேஜ், கலர் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அதற்கெல்லாம் முன்னால் பீரோவிலிருந்து ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். கடன் முடிந்து எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் பாருங்கள். ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் இன்னும் அதில் இருந்தால், அதை நீக்கும் வரை எந்த ஷோரூமிலும் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

என்னுடையது 2016 மாடல் ஸ்விஃப்ட் டீசல், மதுரைப் பதிவு. 1,20,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். "தம்பி, இன்ஜின்ல ஒரு குறையும் இல்ல. கிளட்ச், சஸ்பென்ஷன் ரெண்டையும் பாத்துட்டா இன்னும் அஞ்சு வருஷம் தாராளமா ஓடும்" என்றார். அந்த வேலைக்கும் நாலு டயருக்கும் சேர்த்து அறுபதாயிரம் ஆகும். புதுக் காருக்குக் கட்டும் வட்டியோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையே இல்லை. பணக்கணக்கு மட்டும் பார்த்தால் பழைய வண்டியை வைத்துக்கொள்வதுதான் லாபம். இதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் ஷோரூமில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

என் மனதை மாற்றியது ஏர்பேக். ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம் என்ற விதி 2019 ஜூலையில்தான் வந்தது. பக்கத்து இருக்கைக்கு 2021இல். நான் வாங்கிய அடிப்படை மாடலில் ஒன்றுகூட இல்லை. மனைவியின் ஊர் திருநெல்வேலி. மாதத்துக்கு ஒருமுறையாவது பிள்ளைகளோடு நான்கு வழிச் சாலையில் போகிறோம். லாரியை ஒட்டிப் போகும்போதெல்லாம் அந்த நினைப்பு வந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும், இதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம் என்று முடிவெடுத்தோம். எந்த கார் என்பதில் அதிகம் குழம்பவில்லை. தமிழ்நாட்டில் ஆயுள் வரி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. அந்தக் கோட்டுக்குக் கீழே ஆறு ஏர்பேக் உள்ள பெட்ரோல் வண்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம்.

பழைய வண்டிக்கு விலை போட ஷோரூமிலிருந்து ஒரு பையன் வந்தார். பானட்டைத் திறந்தார், பெயிண்ட் தடிமன் பார்க்கும் மீட்டரைக் கதவுகளில் வைத்துப் பார்த்தார், போட்டோ எடுத்தார். கடைசியில் 2,40,000 என்றார். "டீசலுக்குப் பத்து வருஷம்தான் சார் லைஃப். அடுத்த வருஷம் இதை யாரும் வாங்க மாட்டாங்க." இதைக் கேட்டுப் பயந்து வண்டியைக் கொடுத்தவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். அந்தப் பத்து வருடப் பேச்சு டெல்லி சுற்றுவட்டாரத்துக்கு வந்த உத்தரவைப் பற்றியது. நம் ஊரில் சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருடம் செல்லும். அதற்குப் பிறகும் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டிப் புதுப்பிக்கலாம். என் ஆர்.சி.யிலேயே 2031 வரை என்று அச்சாகியிருந்ததைக் காட்டினேன். பேச்சை மாற்றி, ஜி.எஸ்.டி. குறைந்ததால் பழைய வண்டி விலையும் இறங்கிவிட்டது என்றார். அதில் நியாயம் உண்டு, ஒப்புக்கொண்டேன். ஆனாலும் 2,40,000 அநியாயம்.

இங்கே கவனமாக இருக்க வேண்டிய விஷயம் ஒன்று. நான் பேரம் பேசியதும் பழைய வண்டியின் விலையை 2,65,000 ஆக ஏற்றினார்கள். ஆனால் புது கொட்டேஷனில் தள்ளுபடி கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறைந்திருந்தது, இன்சூரன்ஸ் தொகையும் கூடியிருந்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொண்டார்கள். அதனால் எக்ஸ்சேஞ்ச் என்ற சொல்லையே எடுக்காமல் முதலில் புதுக் காருக்கு வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு கொட்டேஷன் வாங்குங்கள். அது கைக்கு வந்த பிறகு பழைய வண்டியைப் பற்றிப் பேசுங்கள்.

இந்தப் பேச்சுவார்த்தைக்கு நடுவில்தான் ஆர்.சி.யில் ஹெச்.பி., அதாவது வண்டி ஃபைனான்ஸ் கம்பெனியின் கடனில் இருக்கிறது என்ற பதிவு, இன்னும் இருப்பது தெரிந்தது. கடனை 2021இலேயே கட்டி முடித்துவிட்டேன். அப்போது ஃபைனான்ஸ் கம்பெனியின் கிளையில், "நாங்களே ஆன்லைன்ல கேன்சல் பண்ணிடுவோம் சார், நீங்க அலைய வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் செய்யவே இல்லை. அந்தக் கிளை இப்போது அங்கே இல்லை. அந்தக் கம்பெனியே வேறொரு கம்பெனியோடு இணைந்து பெயர் மாறிவிட்டது. புது அலுவலகத்தைத் தேடிப் போனால், என் கடன் எண் அவர்கள் கணினியில் வரவில்லை. கவுன்டரில் இருந்த பெண் முகத்தை நிமிர்த்தாமலே "பழைய அக்கவுன்ட் எல்லாம் ஹெட் ஆபீஸ்லதான் சார்" என்றார். ஹெட் ஆபீஸுக்குப் போன் செய்தால், கிளையைப் பாருங்கள் என்றார்கள்.

கடைசித் தவணை கட்டிய ரசீதும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் என்னிடம் இருந்ததால் தப்பித்தேன். அவற்றை இணைத்து அந்தக் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் அனுப்பினேன். இத்தனை நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மனுக்கு (குறைதீர்ப்பாளருக்கு) புகார் போகும் என்று கடைசி வரியில் எழுதினேன். அதன் பிறகு அவர்களே போன் செய்தார்கள். என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), கடன் பதிவை நீக்கச் சொல்லும் படிவம் 35ம் ஃபைனான்ஸ் முத்திரையோடு கைக்கு வந்தன.

அதை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனால் அங்கே அடுத்த தடை. ஆர்.சி.யில் பழைய கம்பெனியின் பெயர், என்.ஓ.சி.யில் புதுக் கம்பெனியின் பெயர். "ரெண்டும் ஒண்ணுதான்னு நான் எப்படி சார் நம்புறது?" என்று கிளார்க் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் கேட்டது தவறில்லை. ஆனால் என்ன காகிதம் வேண்டும் என்பதைச் சொல்லாமல் "கம்பெனில கேளுங்க" என்று மட்டும் சொன்னதுதான் வலித்தது. அரை நாள் லீவு போட்டு வந்தவனுக்கு அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் போதும். வெளியே நின்றிருந்த ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்காரர்தான் சொன்னார்: இரண்டு கம்பெனிகளும் இணைந்ததற்கு என்.சி.எல்.டி. (தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம்) கொடுத்த உத்தரவின் நகல் வேண்டும். மறுபடியும் மெயில், மறுபடியும் காத்திருப்பு. நகல் வந்த பிறகு வேலை சுலபமாக முடிந்தது. உங்கள் கடன் கொடுத்த கம்பெனியும் பெயர் மாறியிருந்தால், என்.ஓ.சி. கேட்கும்போதே அந்த நகலையும் சேர்த்துக் கேளுங்கள். என்.ஓ.சி.யில் செல்லுபடியாகும் காலம் போட்டிருக்கும், அதையும் பாருங்கள். எனக்கு மூன்று மாதம் போட்டிருந்தார்கள்.

ஹெச்.பி. நீங்கியதும் ஷோரூம்காரர்கள் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் நீட்டினார்கள். வாங்குபவர் பெயர் இல்லை, தேதி இல்லை. "கையெழுத்து மட்டும் போடுங்க சார், மத்ததை நாங்க பாத்துக்குறோம். எல்லாரும் இப்படித்தான் குடுக்குறாங்க." நான் போடவில்லை. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டி எந்த புரோக்கர் கையில் எத்தனை மாதம் ஓடும் என்று எனக்கு எப்படித் தெரியும்? 2023 ஏப்ரல் முதல் பழைய கார் வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அப்படிப்பட்டவரிடம் வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவித்துவிட்டால் பொறுப்பு அவருக்குப் போய்விடும். அந்த அங்கீகாரச் சான்றைக் காட்டுங்கள் என்று கேட்டேன். மேனேஜர் உள்ளே போனார், வந்தார், சான்று மட்டும் வரவில்லை.

அந்த நிமிடமே வண்டியை அங்கே கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். மெக்கானிக் அண்ணன் மூலம் உசிலம்பட்டியிலிருந்து ஓர் ஆசிரியர் வந்தார். வண்டியை அக்கறையாக ஓட்டிப் பார்த்து 3,05,000 கொடுத்தார். இருவரும் சேர்ந்தே பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்தோம். பழைய சாலான் (போக்குவரத்து அபராதம்) பாக்கி ஏதும் இல்லாததால் தடங்கலில்லாமல் போனது. ஒப்படைத்த நாளையும் நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட டெலிவரி நோட்டை நான் வைத்திருக்கிறேன். அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் அவர் பெயர் வரும் வரை தினமும் பார்த்தேன்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் பலர் பணத்தை விட்டுவிடுகிறார்கள். க்ளெய்ம் கேட்காத வருடங்களுக்காக பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடிதான் நோ க்ளெய்ம் போனஸ். அது வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லாமல் இருந்த எனக்கு 50 சதவீதம் சேர்ந்திருந்தது. ஷோரூம் போட்ட புது பாலிசியில் அது பூஜ்யம். பழைய இன்சூரன்ஸ் கம்பெனியிடம் விற்ற ஆதாரத்தைக் கொடுத்து போனஸ் சான்று வாங்கி வந்தேன். புது வண்டியின் சேதக் காப்பீட்டுப் பகுதியில் பாதி குறைந்தது. மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு இது பொருந்தாது. ஃபாஸ்டாக்கை ஒப்படைப்பதற்கு முன்பே மூடிவிடுங்கள். இல்லையென்றால் வாங்கியவர் டோலைக் கடக்கும்போது உங்கள் பணம் போகும்.

பழைய வண்டியை மாற்றிப் புதுசு வாங்குவோருக்குத் தரும் எக்ஸ்சேஞ்ச் போனஸ் 25,000 எனக்குக் கிடையாது என்று ஷோரூமில் சாதித்தார்கள், வண்டியை அவர்களிடம் கொடுக்கவில்லையாம். ஆனால் பழைய வண்டி பெயர் மாறிய ஆர்.சி. நகலைக் காட்டினால் போதும் என்று அவர்களுடைய விற்பனைப் பிரதிநிதியே முதல் வாரத்தில் எனக்கு மெயில் அனுப்பியிருந்தார். அதை மேனேஜரின் மேசையில் வைத்தேன். புது வண்டியின் பில்லிலேயே 25,000 கழித்துக் கொடுத்தார்கள். வாயால் சொல்லும் எந்தச் சலுகையையும் அன்றே மெயிலில் அனுப்பச் சொல்லி வாங்கி வையுங்கள்.