ஓரம் வெட்டும் பழைய டிவியும் மருமகனின் ஸ்விட்சும்

பள்ளி விடுமுறைக்குச் கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த தங்கை மகன், தன் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற வீடியோ கேம் கன்சோலையும் கையோடு கொண்டுவந்து, அம்மா நாடகம் பார்க்கும் 32 அங்குல டிவியில் மாட்டினான். காற்பந்து ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில், “மாமா, நான் போட்டது மூணு கோலா அஞ்சு கோலா?” என்று கேட்டான். அருகில் போய்ப் பார்த்தேன். மேல் மூலையில் இருந்த கோல் கணக்கின் தலைப்பகுதி டிவியின் சட்டத்துக்குள் மறைந்திருந்தது. கீழ்ப்பாதி மட்டும் தெரிந்தால் 3க்கும் 5க்கும் வேறுபாடே இல்லை.

அம்மா உடனே, “டிவிக்கு வயசாயிடுச்சுப்பா, புதுசு வாங்கிடலாம்” என்றார். நான் விசாரித்த ஒரு கடையிலும் அதையே சொன்னார்கள். ஆனால் அந்த டிவியின் திரையில் ஒரு கோடு, ஒரு கறை கிடையாது. அதைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை.

படத்தின் ஓரத்தை டிவி வெட்டுவதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். இது பழுதன்று, பெட்டி டிவிக் காலத்திலிருந்து வந்த வழக்கம். படக்குழாயில் மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும், குழாய்க்கு வயதானாலும் படத்தின் அளவு சற்றே மாறும். ஓரங்களும் நேராக நிற்கா. அதனால் கறுப்பு விளிம்பு தெரியாதிருக்க, திரையைவிடச் சற்றுப் பெரிதாகவே படத்தை விழச் செய்தார்கள். நம் மலேசியாவின் அனலாக் ஒளிபரப்பு பால் (PAL) என்ற முறையில் இருந்தது. அதன் 625 வரிகளில் 576 வரிகளில்தான் படம் இருக்கும், மற்றவற்றில் டெலிடெக்ஸ்ட் போன்ற தரவுகளும் ஒத்திசைவுக் குறிகளும் வரும். தட்டைத் திரை வந்த பிறகும், அந்த வரிகளின் சுவடு மேல் விளிம்பில் எட்டிப் பார்க்கக்கூடாது என்பதற்காக வெட்டும் பழக்கம் நீடித்தது. அனலாக் ஒளிபரப்பு 2019இல் நின்றுபோய்விட்டது. எங்கள் டிவி மட்டும் இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறது.

ஸ்விட்சிலேயே திரை அளவைச் சுருக்கும் வசதி உண்டு என்பதால் மருமகன் முதலில் அதைத்தான் திறந்தான். நான் தடுத்தேன். 1280க்கு 720 பிக்சல் (படப்புள்ளி) கொண்ட படத்தை 95 விழுக்காட்டுக்குச் சுருக்கினால் 1216க்கு 684தான் மிஞ்சும். அதாவது பத்தில் ஒரு பங்குப் பிக்சல்கள் போய்விடும். அந்தச் சுருங்கிய படத்தை டிவி மறுபடியும் இழுத்துப் பெரிதாக்கும். ஓரம் தெரியும், ஆனால் எழுத்துகள் கலங்கிப்போகும். எனவே முதலில் திருத்த வேண்டியது டிவியைத்தான்.

டிவியின் பட அளவுப் பட்டியலில் இதற்கென ஒரு தேர்வு இருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒரு பெயர் வைத்திருப்பதுதான் ஆளைக் குழப்புகிறது: எல்ஜியில் ஜஸ்ட் ஸ்கேன், சாம்சங்கில் ஸ்கிரீன் ஃபிட், சோனியில் ஃபுல் பிக்செல், ஷார்ப்பில் டாட் பை டாட். எங்கள் டிவியில் அந்தத் தேர்வு மங்கிக் கிடந்தது. ரிமோட்டை எத்தனை முறை அழுத்தினாலும் தாண்டித் தாண்டிச் சென்றது. ஏறத்தாழ அரை மணி நேரம் போராடிய பிறகுதான், ஸ்விட்சின் டிவி அமைப்பில் ரெசலூஷனை, அதாவது படத்தின் பிக்சல் அளவை, யாரோ 480பி (480 வரி) என்று மாற்றி வைத்திருந்தது கண்ணில் பட்டது. பழைய டிவிகள் பலவற்றில் 720பி அல்லது அதற்கு மேற்பட்ட எச்டி படம் வந்தால்தான் இந்தத் தேர்வு திறக்கும். 720பிக்கு மாற்றினேன், மங்கியிருந்த சொல் வெளிச்சமானது. தேர்ந்தெடுத்ததும் படம் நான்கு பக்கமும் உள்வாங்கி, கோல் கணக்கு முழுதாகத் தெரிந்தது. அவன் போட்டது மூன்று கோல்.

1080பியிலும் வைத்துப் பார்த்தேன். இந்த வகைத் திரைகள் பலவற்றைப் போல எங்களுடையதும் 1366க்கு 768 என்ற அளவுடையது. ஆகவே எந்த அளவில் அனுப்பினாலும் டிவி கொஞ்சம் நீட்டவோ சுருக்கவோ செய்தே தீரும். எங்கள் திரையில் சிறிய எழுத்துகள் 720பியில்தான் தெளிவாக நின்றன. உங்கள் வீட்டில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே சரி. இவற்றுக்கெல்லாம் முன்பு, படம் ‘ஜூம்’ அல்லது 4:3 நிலையில் இல்லாமல் 16:9இல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டிவியில் வெட்டுவதை நிறுத்த வழியே இல்லை என்றால் மட்டும், கன்சோலில் திரை அளவைச் சுருக்குங்கள். அதுவும் நான்கு மூலைகளும் தெரியும் அளவுக்கு மட்டும், அதற்கு மேல் ஒரு புள்ளிகூட வேண்டாம்.

அம்மாவின் கவலை வேறாக இருந்தது: தன் நாடகத்தில் ஏதாவது மாறிவிடுமோ என்று பயந்தார். எங்கள் டிவி ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனியாக அமைப்பை நினைவில் வைத்துக்கொள்வதால், ஆஸ்ட்ரோ கட்டண டிவியின் டிகோடர் பழையபடியே ஓடியது. மறுநாள் நானே டிகோடர் துளையிலும் அதே மாற்றத்தைச் செய்தேன். செய்தியின் அடியில் ஓடும் வரி இப்போது அறுபடாமல் வருகிறது. டிவி தொழிற்சாலை நிலைக்குத் திரும்பினால் எல்லாம் அழிந்துவிடும் என்பதால், எந்தப் பட்டியலில் எதை அழுத்த வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி டிவியின் முதுகில் ஒட்டி வைத்திருக்கிறேன்.